ஆல்டர்னேட்டர் படுத்திய பாடு

எண்பதுகளின் பிற்பகுதி. அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான், என் கணவர், என் மாமியார் ஆக மூன்று பேர். வாசலில் நான்காவது ஆளாக ஒரு பழைய ஜப்பான் கார் நின்றது. அதை ஓட்டுவது நான்தான். என் கணவருக்குச் சாலை விதிகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தால் சட்டை நனைந்துவிடும். ஆகவே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எனக்கு விதிகளை ஒப்பித்துக்கொண்டு வருவது அவர் வேலை.

அந்த வாரம் பள்ளி விடுமுறை. ஆசிரியையான எனக்குக் கொஞ்சம் ஓய்வு. ஆனால் வீட்டில் ஒருவருக்கும் ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நாத்தனார் இங்கிலாந்திலிருந்து வருகிறாள். நர்ஸ் படிப்புக்குப் போனவள், வேலையும் பார்த்துவிட்டுப் பல வருடங்கள் கழித்துத் திரும்புகிறாள். அவள் போன நாளில் எங்களிடம் கார் இல்லை. யாரோ தெரிந்தவர் காரில் சுபாங் விமான நிலையத்துக்குப் போனார்கள். பெட்டிகளை ஏற்றியதும் இடமில்லாமல் போய், மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். பெற்ற பெண்ணை விமான நிலையம் வரை போய் வழியனுப்ப முடியவில்லையே என்ற குறை அவருக்கு உள்ளேயே இருந்தது. "அவ வர்ற அன்னைக்கு நம்ம கார்ல, முன்னால சீட்டுல நான்தான் உட்காருவேன்" என்று என்னிடம் பல தடவை சொல்லிவைத்திருந்தார். டாக்சி என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான், புதன்கிழமை மாலை செராஸ் பக்கம் போய்விட்டுத் திரும்புகையில், காரின் முகப்பில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் முன்விளக்குகள் மங்கின. அடுத்த சிக்னலில் வண்டி மூச்சை விட்டுவிட்டது. பின்னால் இருந்த கார்களெல்லாம் ஹாரன் அடிக்க, பழுதான வாகனத்தைச் சாலையின் எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று என் கணவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இறங்கித் தள்ளுங்கள் என்று நான் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

எங்கள் பின்சந்தில் ஒரு மலாய்க்கார மெக்கானிக் இருந்தார். நாங்கள் அவரைப் 'பாக் சிக்', அதாவது மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்து, கழற்றிப் பார்த்துவிட்டு, ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றார். வண்டியைக் கிளப்புவது பேட்டரி. வண்டி ஓடும்போது அந்தப் பேட்டரிக்குத் திரும்பத் திரும்பக் கரண்ட் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். இதை மாமியாருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இந்த வண்டிக்கே உயிர் கொடுக்கிறது இதுதான் அத்தை" என்று சொல்லிவைத்தேன். அவர் அந்தக் கறுத்துப்போன இரும்பு உருண்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

கிள்ளானில் பழைய கார்களை அறுத்துச் சாமான் விற்கிற 'பொத்தோங்' கடைக்குப் போகச் சொன்னார் பாக் சிக். பழைய ஆல்டர்னேட்டரையும் கையோடு கொண்டுபோக வேண்டுமாம்; பெல்ட் சக்கரமும் போல்ட் போடும் காதும் அதேபோல இருந்தால்தான் நம் இன்ஜினில் உட்காருமாம். மறுநாள் என் கணவர் அலுவலகத்துக்கு லீவு போட்டார். பழையதைத் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றி, சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கூடையை எட்டிப் பார்த்து, "சேனைக்கிழங்கா? எங்க வாங்குனீங்க, நல்லா பெருசா இருக்கே?" என்று விசாரித்தார். என் கணவர் யோசிக்காமல், "கிள்ளான்ல கெடைக்கும்கா" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா கிள்ளான் வரும் வரைக்கும் எங்களை விடவில்லை.

கடை முதலாளி, எங்கள் ஊர்ப் பேச்சில் தவ்கே, ஒரு சீனர். ரப்பர்த் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவராம். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார். குரலும் நம்மைவிடப் பெரிது. கேள்வி கேட்டதெல்லாம் நான். அவர் பதில் சொன்னதெல்லாம் என் கணவருக்கு. இவரும் எல்லாம் புரிந்தவர்போல, "ஆமா ஆமா, அதான், அதான்" என்று தலையாட்டினார்.

தவ்கே மேசைமேல் சிலவற்றை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று அழுக்காக, ஆனால் கனமாக இருந்தது. எனக்கு அழுக்கைத்தான் பிடித்தது. என் கணவர் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பளபளப்பைத் தேர்ந்தெடுத்தார். தவ்கே அதைத் தன் மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட, பல்பு பளிச்சென்று எரிந்தது. வேலை செய்யாவிட்டால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றும் சொல்லி அனுப்பினார். எங்கள் பழையதையும் கூடையிலேயே திருப்பிக் கொண்டுவந்தோம்.

பாக் சிக் மறுநாள் காலையில்தான் வந்து மாட்டுவதாகச் சொன்னார். அதுவரை சாமானை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கும் முன்பே, "கூடத்துல வச்சா யாராச்சும் காலை இடிச்சுக்குவாங்க, நான் பத்திரமா வைக்கிறேன்" என்று மாமியார் தூக்கிக்கொண்டு போனார். காலையில் சுத்தமாகத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பாக் சிக் மாட்டினார். வண்டியைக் கிளப்பினேன். சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

வெள்ளிக்கிழமையே திரும்பவும் கிள்ளான், திரும்பவும் கூடை. தவ்கே அதை வாங்கி ஒரு மூலையில் போட்டுவிட்டு, "உங்க மெக்கானிக்குக்கு ஒயர் மாட்டத் தெரியலை" என்று என் கணவரிடம் சத்தம் போட்டார். இந்த முறை என் இஷ்டப்படி கனமானதை எடுத்தேன். அதையும் சுற்றிக் காட்டினார். பல்பு இன்னும் பிரகாசமாக எரிந்தது. வீட்டுக்கு வந்தோம். மாமியார் வாங்கிப் பத்திரமாக வைத்தார். சனிக்கிழமை காலை துடைத்துக் கொடுத்தார். பாக் சிக் மாட்டினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "உங்க தவ்கே குப்பையை விக்கிறான்" என்ற பொருளில் பாக் சிக் மலாயில் முணுமுணுத்தார். என் கணவர், பளபளப்பையாவது வைத்திருக்கலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் காரின் கதவை அறைந்து சாத்தினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

மறுநாள் நாத்தனார் வருகிறாள். என் கணவருக்கு எங்காவது புதிதாகவே ஒன்று வாங்கிவிட ஆசை. எனக்கோ, தவ்கேயிடம் நேரில் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும். எங்கள் சண்டை முற்றியதும் மாமியார் குறுக்கே வந்தார். "சாமியையே கேட்டுருவோம்" என்று வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனித் தாளில் மடித்துப் படத்துக்கு முன்னால் போட்டார். சிவப்பு வந்தால் புதியது, வெள்ளை வந்தால் தவ்கே. ஆல்டர்னேட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்த குடும்பம் மலேசியாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். வெள்ளைப் பூ வந்தது. இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாமே என்று என் கணவர் மெல்ல இழுத்தார். சாமி சொன்னதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று மாமியார் அவரை முறைத்தார்.

ஞாயிறு காலை மூவரும் காரிலேயே கிளம்பினோம். பாக் சிக் பேட்டரிக்கு நன்றாகச் சார்ஜ் ஏற்றி, வீணாய்ப்போன ஆல்டர்னேட்டரையும் கழற்றாமல் விட்டிருந்தார். விளக்கு, ரேடியோ, வைப்பர் எதையும் போடாமல் ஓட்டினால் கிள்ளான் வரை தாங்கும். வேலை முடிந்ததும் அப்படியே சுபாங் போய்விடலாம் என்பது திட்டம். மாமியார் பட்டுப்புடவை கட்டி, முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கரண்ட் செலவாகும், ஹாரன் அடிக்காதே என்று பின்சீட்டிலிருந்து என் கணவரின் உத்தரவு. ஃபெடரல் ஹைவேயில் ஒரு லோரி எங்கள்மேல் சாய்ந்துகொண்டு வந்தபோது, அவரே ஜன்னலில் தலையை நீட்டி "ஓய்! ஓய்!" என்று ஹாரன் ஆனார். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் வைப்பர் போட வேண்டுமே என்று நான் மேகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். மாமியார் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். மழை பெய்யவில்லை.

கடை வாசலில் இறங்கியதும் நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நாலு கேள்வியையும் கேட்டுத் தீர்த்தேன். அன்றுதான் முதல் தடவையாகத் தவ்கே எனக்குப் பதில் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். பிறகு தன் ஆளைவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லி, அதே மோட்டாரில் மாட்டிச் சுற்றினார். பல்பு எரியவில்லை. மூலையில் கிடந்த பளபளப்பையும் எடுத்து மாட்டினார். அதுவும் எரியவில்லை.

"ரெண்டும் இங்க எரிஞ்சிச்சு. உங்க வீட்டுக்குப் போனா சாகுது. என்னா சாப்பாடு குடுக்கிறீங்க இதுக்கு?" என்றார்.

கேட்டுக்கொண்டே மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். ஒருதரம் மோந்தார். நம்பாமல் இன்னொரு தரம் மோந்தார். "நல்லெண்ணெய்!" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கனமானதன் திருகாணிகளைக் கழற்றிப் பிரித்தார். நீள மூக்குக் குறடு ஒன்றை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்க ஆரம்பித்தார். முதலில் காய்ந்த சந்தனக் கட்டி. அப்புறம் குங்குமம் ஒட்டிய அழுக்கு. மஞ்சள் அரிசி. கடைசியாக, எண்ணெயில் ஊறிய ஒரு செம்பருத்தி இதழ். அந்த இதழைக் குறடோடு உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது ஜப்பான்காரன் போட்டது இல்லை லா" என்றார்.

நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் திரும்பி மாமியாரைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார். "உயிர் கொடுக்கிற சாமான்னு நீதானேம்மா சொன்னே? என் பொண்ணு வரப்போற வண்டி. சாமிகிட்ட வச்சு எண்ணெய்க் காப்பு செஞ்சு, பொட்டு வச்சு, பூப் போட்டேன். மொதல்ல கொஞ்சமாத்தான் ஊத்துனேன். அது வேலை செய்யலைன்னதும் ரெண்டாவதுக்கு நல்லா நெறையவே ஊத்துனேன்."

அப்படியானால் காலையில் துடைத்தது ஏன் என்று என் கணவர் கேட்டார். அதற்கும் பதில் இருந்தது. பாக் சிக் வேறு சமயத்துக்காரர். பொட்டும் பூவுமாகக் கொடுத்தால் தொடுவதற்குச் சங்கடப்படுவாரே, அதனால்தானாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் கணவர் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். தவ்கே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நானும் கும்பிடுறவன்தான் அம்மா" என்று சுவரோரம் சிவப்பு விளக்கு எரிகிற தன் சாமி மாடத்தைக் காட்டினார். "டீயைச் சாமி முன்னால வைப்பேன். வாயைத் தொறந்து ஊத்த மாட்டேன்."

எங்கள் சிரிப்பு அடங்கிய பிறகுதான் மாமியார் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் மேசைமேல் இருந்த சந்தனத்தையும் அரிசியையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான்தான் கெடுத்தேனா?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீங்க ரெண்டு பேரும் டாக்சி புடிச்சுப் போய்க் கூட்டிட்டு வந்துருங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன். நான் தொட்டது எதுவும் வேண்டாம், அவ நல்லபடியா வீடு வந்து சேரட்டும்" என்றார்.

அத்தனை நாள் ஆசைப்பட்ட மனுஷி, பட்டுப்புடவையோடு அந்தக் கறை படிந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் பின்னாலேயே போனேன். சற்று முன்பு வாய்விட்டுச் சிரித்த என்மேல் எனக்கே கோபம் வந்தது. "நீங்க முன்னால உட்காரலைன்னா நான் வண்டியை எடுக்க மாட்டேன் அத்தை. உங்க மகனை ஓட்டச் சொல்லுங்க" என்றேன். மகன் ஓட்டுவார் என்றதும் அவர் பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தார்.

இதற்குள் தவ்கே வேலையில் இறங்கியிருந்தார். கனமானதைப் பெட்ரோலில் கழுவினார், உள்ளே இருந்த செம்பு வளையங்களை உப்புத்தாளால் தேய்த்தார், புதுக் கார்பன் போட்டு, காற்றடித்துக் காயவைத்துச் சுற்றினார். பல்பு எரிந்தது. காரில் மாட்டியதும், மாமியாரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து திறந்திருந்த பானெட் முன்னால் நிறுத்தினார்.

"பொட்டு வைங்க அம்மா."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெளியில வைங்க, இந்த இரும்புல. இங்க வச்சா ஒண்ணும் ஆகாது. உள்ள மட்டும் வேணாம்" என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். மாமியார் மடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, விரல் நுனியால் ஒரு மிளகு அளவுக்கு வைத்தார். போதுமா, அதிகமா என்று அவரையே கேட்டார். போதும் என்றார் தவ்கே. காரின் பின்னால் கூடையில் இன்னமும் கிடந்த எங்கள் பழைய ஆல்டர்னேட்டரை எடுத்து, "இது செத்துப்போச்சு. இதை வீட்டுல வச்சுக்குங்க. எண்ணெய் ஊத்துங்க, பால் ஊத்துங்க, என்ன வேணும்னாலும் செய்யுங்க. இது கோவிச்சுக்காது" என்று அவர் கையில் கொடுத்தார். மாமியார் அதைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சுபாங்குக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் இறங்கியிருந்தது. என் நாத்தனார் கனமான கோட்டோடு, இந்த ஊர் வெயிலை மறந்தவளாக வெளியே வந்தாள். மாமியார் ஓடிப்போய் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, இளைத்துவிட்டாய் என்றார். உண்மையில் அவள் நன்றாகவே சதை போட்டிருந்தாள். பெட்டிகளை ஏற்றியபோது, அன்றைக்கு மாதிரியே இடம் போதவில்லை. இந்த முறை மாமியார் முன்சீட்டை விட்டு அசையவில்லை. மடியில் ஒரு பெட்டி, கால்மேல் ஒரு பெட்டி என்று என் கணவர்தான் பின்னால் நசுங்கினார். சாலை விதிகள் சொல்லக்கூட அவரால் மூச்சுவிட முடியவில்லை.

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் முகப்பில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். வண்டியும் எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல முக்கியது. பின்னால் என் கணவர், "போச்சு, போச்சு" என்றார். ஒன்றும் தெரியாத நாத்தனார், என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் மட்டும் குனிந்து அந்த விளக்கை உற்றுப் பார்த்தார்.

"அது பேட்டரி லைட்டு இல்லம்மா. அது பக்கத்து லைட்டு. ஹேண்ட்பிரேக்கை எறக்கு லா" என்றார்.

இறக்கினேன். விளக்கு அணைந்தது. பிரிக்பீல்ட்ஸ் வரும் வரை அவர் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். அம்மாவுக்கு எப்போது இதெல்லாம் தெரிந்தது என்று நாத்தனார் ஆச்சரியப்பட்டாள்.

அந்தப் பழைய ஆல்டர்னேட்டர் எங்கள் சாமி மேடையின் கீழ்த்தட்டில் இடம் பிடித்தது. சந்தனமும் குங்குமமும் எண்ணெயுமாக நாளடைவில் அது ஏதோ ஒரு தெய்வத்தின் களையே பெற்றுவிட்டது. வந்த புதிதில் நாத்தனார் அதைக் கும்பிட்டுவிட்டு, "இது என்னம்மா சாமி?" என்று கேட்டாள். "உன்னைக் கூட்டிட்டு வந்த சாமி" என்றார் மாமியார். கூட்டி வந்தது இது இல்லையே, வேறொன்றாயிற்றே என்று சொல்ல என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

மாமியார் இப்போது இல்லை. அந்தக் காரும் எப்போதோ போய்விட்டது. நாங்கள் சுபாங் ஜெயாவுக்கு வீடு மாறி வந்தபோது, ஆல்டர்னேட்டரை மட்டும் என் கணவர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இன்று நானே ஒரு மாமியார். என் மருமகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் அவள் பின்னாலேயே சாப்பாட்டுத் தட்டோடு ஓடுவதும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதும் நடக்கிறது. ஒருநாள் அவள், "அத்தை, இதை டப்பாவுல போட்டுத் தாங்க, ஆபீஸ்ல போய்ச் சாப்பிடுறேன்" என்றாள். எனக்குத் தவ்கேயின் ஞாபகம் வந்துவிட்டது. பாசத்தை ஊற்றாதே என்று அவரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. எங்கே ஊற்றினால் கெடுதல் இல்லை என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள், அது எனக்குப் பெரிய மரியாதையாக இன்றும் தோன்றுகிறது.